மூன்றாவது பொத்தான் இல்லாத கோட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

பட அறையில் அன்றாட வேலையை எப்படிச் செய்வது என்பதை இதில் எழுதப் போவதில்லை. அட்டையில் ஒட்டிய பழைய படமான கார்டை எந்த விரல்களால் பிடிப்பது, சட்டகத்தை எப்படிப் பிரிப்பது, பதிவெண் எங்கே போடுவது எல்லாம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பச்சைக் கோப்பில் உள்ளன. அதை எழுதியதும் நான்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த அறையில் இருந்தேன். வலது கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி வந்து உட்கார்ந்து, பார்க்க வேண்டிய முகத்தையே மறைக்க ஆரம்பித்ததும், ஐம்பத்து மூன்றாம் வயதில் நானாகவே விலகிக்கொண்டேன்.

கோப்பில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. நேரம், வந்தவர், சொன்னது, நான் சொன்னது என்று வரிசையாக இருக்கும். கீழே உள்ளவை அதிலிருந்து எடுத்தவை. என்னை நல்லவளாகக் காட்டும்படி எதையும் திருத்தவில்லை.

நம்மிடம் வருகிறவர்கள் வீட்டுப் படத்தைக் கொண்டுவருவார்கள். நாம் நகல் எடுத்துவிட்டு ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்போம்: எந்தக் காலத்துப் படம், யார் யார், என்ன உடுத்தியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோ படங்களில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குழந்தைகள் படம்தான். பெரியவர் தான் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி உடுத்திக்கொண்டு வந்து நிற்பார். குழந்தையை யாரோ உடுத்தி, யாரோ தலை வாரி, யாரோ தோளைப் பிடித்து நிற்கவைத்திருப்பார்கள். அந்த யாரோ எப்போதும் படத்துக்கு வெளியே நிற்பார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் என் முதல் தப்பு. வாலாஜாபாத்திலிருந்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தார். பட்டுப் பாவாடை, பூ முடித்த சடை, கழுத்தில் காசுமாலை, அருகருகே இரண்டு குழந்தைகள். 'சகோதரிகள் இருவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"இடது பக்கம் நிக்கிறது எங்க தாத்தா மேடம். தாசில்தார் ஆபீஸ்ல டவாலி போட்டுக்கினு நின்ன மனுஷன். இத அவரு பாத்திருந்தா உங்கள சும்மா வுட்டிருக்க மாட்டாரு" என்றார். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தையின் வெட்டாத முடியைப் பின்னி, சவுரி வைத்து நீட்டி, பூ முடித்து, பெண் உடை போட்டுப் படம் எடுப்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். என் தம்பிக்கே அப்படி ஒரு படம் உண்டு. ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய கார்டு மேசைக்கு வந்ததும் வீட்டில் தெரிந்தது எனக்கு மறந்துபோனது. அன்று ஒரு சீட்டில் 'பாவாடையை நம்பாதே' என்று எழுதி மேசைக்கு எதிரே ஒட்டினேன். அந்தச் சீட்டு இருக்கும் வரை இனித் தப்பு வராது என்று நம்பினேன். நம்பிக்கை பல ஆண்டுகள் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை 10.40க்கு ஏகாம்பரம் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறியில் பட்டு நெய்கிறவர், வயது நாற்பதுக்குள். துண்டில் சுற்றிய ஒரு சட்டகத்தைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே நீள்வட்டமாக வெட்டிய அட்டை, அதற்குள் ஒரு குழந்தை. மூன்று வயது இருக்கும். பட்டுப் பாவாடை, முன்னால் எடுத்துப் போட்ட பூச்சடை, வலது மூக்கில் சிறிய வளையம். கார்டின் வகையைப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள்.

"பொண்ணுன்னு சொல்லிடாதீங்க மேடம்" என்றார் ஏகாம்பரம்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். சீட்டைக் காட்டினேன். சிரித்தார்.

அது அவருடைய தாத்தாவின் அப்பா. அவருக்கு முன்னால் நான்கு ஆண் குழந்தைகள் பிறந்து நான்கும் தங்கவில்லை. ஐந்தாவதற்கு மூக்குக் குத்தி, மூக்கன் என்று பெயர் வைத்து, பெண்பிள்ளையைப் போல வளர்த்தார்கள். தேடி வருவது எதுவோ அது ஏமாந்து போகட்டும் என்று அந்தக் காலத்தில் செய்கிற ஏற்பாடு. இந்தப் படத்தை எடுத்துவிட்டுத்தான் திருத்தணியில் மொட்டை போட்டார்கள். அவர் எண்பது வயதைத் தாண்டி இருந்தார்.

"கடைசி வரைக்கும் மூக்குல அந்த ஓட்ட இருந்துதாம் மேடம். மூக்குப்பொடி போட்டா பாதி சைடுல வந்துடும்னு தெருப் பசங்க ஓட்டுவாங்களாம். எங்க வூட்ல இருக்கிற அத்தன பேரும் அந்த ஒரு மூக்குல இருந்து வந்தவங்கதான்."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். அவருக்குத் தாரணி என்று ஒரு மகள், மூன்றாம் வகுப்பு. அவளுக்குப் பின் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஆறு மாதம் தாண்டவில்லை. இப்போது இருப்பவன் மூன்றாவது. மூன்று வயது ஆகப் போகிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திருத்தணியில் மொட்டை. அதற்கு முந்தின நாள் பூப் படம். மூக்கனுக்கு என்னென்ன செய்தார்களோ அதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும் என்று நேர்ந்திருந்தார். படம் மங்கிவிட்டது. பாவாடைக் கரை எப்படி, சடையில் எத்தனை சுற்றுப் பூ, எந்தக் கையில் என்ன என்று ஒன்று விடாமல் நான் படித்துச் சொல்ல வேண்டும்.

"ரெண்ட பொதச்சாச்சு மேடம்" என்றார். மூக்குப்பொடிக் கதை சொன்னபோது இருந்த சிரிப்பு இப்போது குரலில் இல்லை. "இதுல ஒண்ணும் வுட்டுடக் கூடாது."

நான் இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவர் கேட்டது ஒரு படக் குறிப்பு இல்லை. நான் எழுதுவதை வரிக்கு வரி ஒரு குழந்தையின் உடம்பில் செய்யப் போகிறார் என்று அவரே என்னிடம் சொல்லிவிட்டார். நான் வழக்கமான ரசீதை எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சட்டகத்தைப் பிரித்தேன். நீள்வட்ட அட்டையை எடுத்ததும் படம் இடது பக்கம் இன்னும் நீண்டது. அங்கே இன்னொரு குழந்தை நின்றது. மூக்கனைவிட ஒரு தலை உயரம். மழித்து நாலைந்து நாள் ஆனது போல முளைவிட்ட மொட்டை. கழுத்து வரை பூட்டிய கறுப்புக் கோட்டு, மூன்றாவது பொத்தான் இல்லை. கோட்டின் கை நீளம். விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. இதையெல்லாம் பார்த்து, அளந்து, எழுதினேன். என் பதிவு இப்படி இருக்கிறது: 'குழந்தை 2: ஆண். ஏழு வயது இருக்கலாம். மொட்டை. கறுப்புக் கோட்டு, கை நீளம்.'

'பாவாடையை நம்பாதே' என்ற சீட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. பாவாடையை நான் நம்பவில்லை. கோட்டை நம்பினேன்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. மாலை 4.10க்கு ஏகாம்பரத்தை போனில் கூப்பிட்டேன். உங்கள் மூக்குத் தாத்தாவுக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் நிற்கிறார், அட்டை மறைத்துவிட்டது என்றேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அண்ணனா? அண்ணன் ஏது மேடம். நாலு பேரும் பால் குடி மறக்கறதுக்குள்ளயே போய்ட்டாங்க. இவருக்கு மூத்ததுன்னு உசுரோட இருந்தது ஒரு அக்காதான்."

நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு முகமும் ஒரே சாயல். அவர் கேட்டுக்கொண்டே போனார். மொட்டையா? முழு மொட்டையா? ஆண்பிள்ளை கோட்டா? கேட்கக் கேட்க ஆமாம் ஆமாம் என்றேன்.

"அந்த அக்கா, தம்பிக்கு மொட்ட போட்ட அதே வருஷம் போய்ட்டாங்க மேடம். எங்க வூட்டுப் பூவாடைக்காரி அவுங்கதான்."

பூவாடைக்காரி உங்கள் வீடுகளிலும் இருப்பாள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைத் தெய்வமாக்கி, வருடத்துக்கு ஒரு முறை புதுப் பாவாடையும் வளையலும் பூவும் வைத்துக் கும்பிடுவது. ஏகாம்பரம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஏழு வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும் அளவில் ஒரு பட்டுப் பாவாடை நெய்து வைக்கிறார்கள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது.

"அப்போ தம்பிக்குப் பொம்பள வேஷம், அக்காளுக்கு ஆம்பள வேஷம்" என்றார் மெதுவாக. "தம்பிய மறச்சு வெச்சிட்டு, தேடி வர்றதுக்கு எதுர்ல அக்காள நிறுத்தியிருக்காங்க. ரெண்டும் சேந்துதான் நேர்ச்ச. நாங்க பாதிதான் தெரிஞ்சு வெச்சிருந்தோம்."

நான் மறுக்கவில்லை. அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இந்த அறையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற நேரத்தில்தான் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். நான், சரிபார்த்துச் சனிக்கிழமை எழுத்தில் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். நாட்குறிப்பில் 'முக்கியமான கண்டுபிடிப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

புதன்கிழமை 1.15க்கு ஏகாம்பரத்தின் மனைவி தேவகி வந்தாள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள், கடைச் சீருடைச் சேலையில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

கணவர் தாரணிக்கும் மொட்டை போடப் போவதாகச் சொன்னாள். அவருடைய அண்ணன் மகனின் முழுக்கைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தாயிற்று. கோட்டுக்குப் பதில் அது. தேவகி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். முடிதானே, வளரும் என்கிறார்.

"முடி வளரும்மா. இடுப்புக்குக் கீழ இருக்குது, நானே தெனம் வாரி விடறேன், போனா திரும்ப வரும். அதுக்காக நான் வரல" என்றாள். "பூவாடைக்காரி கத அவளுக்குத் தெரியும். தம்பி இருக்கணும்னுதான் நம்பள நிக்க வெச்சாங்கன்னு ஒரு நாளு அவளுக்குப் புரியும் இல்ல. அப்போ நான் இன்னா சொல்லுவேன்?"

மேசைமேல் இருந்த படத்தைக் காட்டினாள்.

"மொதல்ல நீங்க ஆம்பளப் பையன்னுதானே சொன்னீங்க. அதையே எழுதிக் குடுத்துடுங்க. தாயாதி வூட்டுப் பையன், சும்மா பக்கத்துல நின்னான்னு எழுதுங்க. என் பேச்ச அவரு கேக்க மாட்டாரு. நீங்க மெஷின் வெச்சுப் பாத்துச் சொல்றவங்க. உங்க பேப்பர நம்புவாரு."

அவள் கேட்டது ஒரு வரி. என் பதிவில் ஏற்கனவே இருந்த வரி. அதைத் திருத்தாமல் விட்டால் போதும். ஒரு பிள்ளையின் தலை தப்பும்.

முடியாது என்றேன். தெரிந்தே பொய்யான குறிப்பை இந்த அறையிலிருந்து அனுப்ப முடியாது, ஆனால் உண்மையிலேயே உனக்கு உதவுகிற மாதிரி ஏதாவது படத்தில் இருக்கிறதா என்று தேடுகிறேன், இந்தக் கோட்டை வேறு எங்கோ பார்த்த ஞாபகம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். மொட்டைக்கு அடுத்த வெள்ளி வரை நாள் இருந்தது. தேவகி தலையாட்டினாள். "சீக்கிரம் குடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

பொய் எழுத மறுத்ததை நான் இன்றுவரை தப்பென்று நினைக்கவில்லை. தப்பு அதற்கு அடுத்த இரண்டு நாளில் இருக்கிறது.

வியாழக்கிழமை முழுவதும் அந்தக் கோட்டைத் தேடினேன். அதே ஸ்டுடியோவின் கார்டுகள் நம்மிடம் இரண்டு பெட்டிகளில் உள்ளன. காலையில் ஒன்று கிடைத்தது. மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன், எண்ணெய் வைத்து நடுவகிடு எடுத்த தலை, செருப்பில்லாத கால், மேலே அந்தக் கோட்டு. மதியம் இன்னொன்று. ஆற்காட்டுப் பக்கத்து ஹகீம், யுனானி வைத்தியர் ஒருவரின் மகன், ஜரிகைத் தொப்பி, அதே கோட்டு. மாலையில் மூன்றாவது. முன்தலை மழித்து, பின்னால் குடுமி வைத்த பையன், விபூதிப் பட்டை. அவனுக்கும் அதே கோட்டு. மூக்கன் படத்தையும் சேர்த்து நான்கிலும் மூன்றாவது பொத்தான் இல்லை. ஒருவனுக்குக் கை மடித்துவிடப்பட்டிருந்தது. ஒருவனுக்கு முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்கியிருந்தார்கள். ஒருவனுக்கு அளவாக இருந்தது.

அது ஸ்டுடியோவின் கோட்டு. வருகிற பிள்ளைக்கு மாட்டிவிட ஆணியில் தொங்கிய ஒன்று. மொட்டைத் தலையோடு வந்த ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, படத்தில் நன்றாக இருக்காது என்று படம் பிடிக்கிறவர் அதை எடுத்து மாட்டியிருக்கலாம். தலை ஏன் மொட்டை என்பதற்குக் காரணம் படத்தில் இல்லை. அம்மை கண்டிருக்கலாம். காய்ச்சல் வந்திருக்கலாம். பேன் தொல்லையாகவும் இருக்கலாம். வேண்டுதலாகவும் இருக்கலாம். அக்காளை ஆண்பிள்ளையாக்கி எதிரே நிறுத்தினார்கள் என்று சொல்ல அந்தக் கார்டில் ஒன்றுமே இல்லை.

இது வியாழக்கிழமை 5.20க்கு எனக்குத் தெரிந்துவிட்டது. நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன். ஏகாம்பரத்தின் எண் என் கைபேசியில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. பொத்தானைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ள நினைத்தேன். போனில் பாதியைச் சொல்லித்தான் முதலில் கெடுத்தேன், இந்த முறை எழுத்தில், முழுமையாக, மறுக்க முடியாதபடி தர வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று முறை எழுதித் திருத்தினேன். இரண்டு பக்கம், நான்கு படங்களின் நகல். கையெழுத்துப் போட்டபோது மணி 5.30. அலுவலக முத்திரை இருக்கும் பீரோவைப் பூட்டிக்கொண்டு மேலாளர் போய்விட்டார். முத்திரை இல்லாமல் எந்தக் குறிப்பும் வெளியே போகக் கூடாது என்பது பச்சைக் கோப்பின் பதினான்காம் பக்கத்தில் நான் எழுதிய விதி. காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை முத்திரை வாங்கிக்கொண்டு, அவர்கள் வரட்டும் என்று இருக்காமல் நானே பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். 9.20. தெருவில் மற்ற வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் ஓடவில்லை. தறிக்குப் பக்கத்தில் பாயில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். தலை மொட்டை, சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் தாரணி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலையிலும் சந்தனம். நீலத்தில் கோடு போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாள் தேவகி. நூற்றி மூன்று. முந்தைய இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சலில்தான் தொடங்கியது. ஏகாம்பரம் அடுத்த வெள்ளி வரை காத்திருக்கவில்லை. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு, வெள்ளி விடியற்காலை வண்டி வைத்து எல்லாரையும் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பூ முடிக்க நேரமில்லை. பூப் படம் எடுக்கவேயில்லை. மொட்டை மட்டும் இரண்டு பேருக்கும்.

முத்திரை போட்ட கடிதத்தைத் தேவகியிடம் கொடுத்தேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்தையும் படித்தாள். நகல்களில் கோட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது நேத்து காலைல கையில இருந்திருந்தா வண்டிக்கு எதுர்ல போய் நின்னிருப்பேன்மா" என்றாள். கோபம் இல்லாத குரல். கடிதத்தை மடித்தாள். "இவ்ளோ எழுதணும்னே இல்ல. இன்னும் தெரியல, ஒண்ணும் பண்ணாதப்பான்னு அவருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதும்."

ஏகாம்பரமும் வாங்கிப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெதுவாக. காய்ச்சல் இறங்கிவிட்டது மேடம் என்றார். மருந்தினால் இறங்கியிருக்கும் என்றேன். இருக்கட்டும், முடிதானே என்றார். ஆனால் கடிதத்தைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

இதற்குள் தாரணி எழுந்து வந்து, என் பையிலிருந்த படத்தின் பெரிய நகலை எடுத்துக்கொண்டாள். அட்டை மறைக்காத முழுப் படம். யாரும் அவளுக்கு அதுவரை காட்டியிருக்கவில்லை. தரையில் வைத்து, முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இது இவுங்க கோட்டு இல்ல" என்றாள்.

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"கை பாரு, எவ்ளோ நீளமா தொங்குது. வெரலே தெரியல. யாருதையோ போட்டு நிக்க வெச்சிருக்காங்க." தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். பெரியப்பா மகனின் சட்டையில் அவள் விரல்கள் உள்ளே மறைந்திருந்தன. "எனக்கும் இப்படித்தான் இருக்குது."

எனக்கு இரண்டு நாளும் இரண்டு பெட்டியும் நான்கு கார்டும் தேவைப்பட்டன. 'கை நீளம்' என்று செவ்வாய்க்கிழமையே என் கையால் எழுதிவைத்திருந்தேன்.

"யாரு இது?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். படத்தில் எழுதியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மூக்குத் தாத்தாவோட அக்காம்மா."

"அப்புறம் இன்னா ஆனாங்க?"

"அவுங்கதான் நம்ம வூட்டு சாமி."

"பூவாடைக்காரியா?"

தலையாட்டினார். தாரணி படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு பாயில் தூங்கும் தம்பியை. பிறகு சட்டையின் கையை. பள்ளிக்கூடத்தில் நாளைக்கு லீவா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"அப்போ நானும் ஆவேனா?"

அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. தேவகி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஏகாம்பரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் முழங்காலிட்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். முடியைவிட மெல்லிய இழை அறுந்தால் பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிடுகிற விரல்கள் அவருடையவை. அந்தப் பொத்தான் அவருக்கு வரவில்லை. தாரணியே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய கவுனை எடுத்துவந்து தலை வழியாகப் போட்டார். மொட்டைத் தலை கழுத்துத் துளையில் சிக்காமல் உடனே வெளியே வந்தது. அவள் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னவன் நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். தாரணிக்கு முடி தோள் வரை வளர்ந்திருக்கிறது. ஏகாம்பரம் பழைய சட்டகத்தை வாங்கிக்கொண்டு போகும்போது, நீள்வட்ட அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. தேவகியை ராஜாஜி மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்பேன். நின்று பேசுவாள், என் கண்ணைப் பற்றி விசாரிப்பாள். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

தாரணி கேட்டதற்கு அந்த வீட்டில் பிறகு யாராவது பதில் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் கணினிகள் என் லென்ஸைவிட நன்றாகப் பார்க்கும். பொத்தானை நீங்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பீர்கள். எதிரே நிற்கிறவர் உங்கள் குறிப்பை வைத்து என்ன செய்யப் போகிறார் என்பதைக் கணினி கேட்காது, அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு அதில் சந்தேகம் வந்தால், சந்தேகம் வந்த அந்த நிமிடமே கூப்பிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். சரியான விடை கிடைத்த பிறகு சேர்த்துச் சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள். பதினான்காம் பக்கத்து முத்திரை விதியை நான் விலகும் முன் அடித்து நீக்கிவிட்டேன்.

அந்தப் படத்தின் பதிவில் 'ஆண்' என்பதன் மேல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன், அடியில் உள்ள சொல் தெரியும்படி. யாரும் வெள்ளை பூச வேண்டாம். திருத்தத்தின் கீழே அதைக் கண்டவர் பெயர் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதி இன்னும் இருக்கிறது. பதிவு இப்போது இப்படி முடிகிறது:

'குழந்தை 2: பெண். பெயர் தெரியவில்லை. கோட்டு அவளுடையது அன்று. கண்டவர்: ஏ. தாரணி, மூன்றாம் வகுப்பு.'